ஆல்டஸின் அரைப்புள்ளியும் மாயவரத்துப் பேஜ்மேக்கரும்

ஐப்பசிக் கடைமுழுக்குக்கு முந்தைய வாரம், மாயவரம் துலாக்கட்டத்துப் பக்கம் பொரிகடலைக்கும் வளையலுக்கும் பந்தல் போடத் தொடங்கியிருந்த நேரத்தில், பக்கத்துக் கிராமக் கோயிலின் தர்மகர்த்தா எங்கள் கடைக்கு வந்தார். அவர் நீட்டிய குறுந்தகட்டின் மேல் என் கையெழுத்திலேயே 'கும்பாபிஷேக மலர், 2001' என்று எழுதியிருந்தது.

"நீங்க பண்ணிக் கொடுத்ததுதான் தம்பி. அப்படியே எடுத்து இந்தக் கும்பாபிஷேகத்துக்கும் ஒரு ஐந்நூறு போட்டுடலாம். தலவரலாறு மாறவா போகுது?"

"சரிங்க ஐயா, ரெண்டு நாள்ல புரூஃப் தரேன்" என்று சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு அருகில் இத்தொழிலில் இருக்கும் ஒருவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தகட்டில் இருந்தது, பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5-இல் செய்த 64 பக்கக் கோப்பு. இப்போது நான் அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் அதைத் திறக்க எந்த மென்பொருளும் இல்லை. கடையின் பின்கட்டில், லேமினேஷன் சுருள்களுக்குப் பின்னால், இதற்காகவே தூக்கி எறியாமல் வைத்திருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இருக்கிறது. போன மழைக்காலத்தில் அதன் வன்தட்டு போய்விட்டதால், வேறொன்றை மாட்டிப் பேஜ்மேக்கர் 7-ஐ மட்டும் நிறுவி வைத்திருந்தேன். கோப்பைத் திறந்தவுடன், 'பானோஸ்' என்ற பெயரைத் தலைப்பில் தாங்கிய அந்தப் பழைய பெட்டி எழுந்து நின்றது. கோப்பில் உள்ள எழுத்துருக்கள் இந்தக் கணினியில் இல்லை என்றும், அவற்றுக்குப் பதிலாகக் கூரியர் எழுத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்றும் அது கேட்டது. சரி என்று அழுத்தினேன். அம்மன் படம் சரியாக வந்தது, பக்கத்தைச் சுற்றிய மாவிலைக் கோலம் சரியாக வந்தது. தலவரலாறு மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றது.

தர்மகர்த்தாவின் கேள்விக்கு இதுதான் விடை. தலவரலாறு மாறவில்லை, அதை நாங்கள் எழுதி வைத்த விதம்தான் அப்படிப்பட்டது. ஏன் அப்படி எழுதினோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால், இந்த மென்பொருளின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பால் பிரைனெர்ட் என்பவர் அமெரிக்காவில் முதலில் செய்தித்தாள் அலுவலகத்தில் பணியாற்றியவர். பிறகு நாளிதழ்களுக்கான பெரிய கணினி அச்சுக்கோப்பு முறைகளை விற்ற ஏடெக்ஸ் நிறுவனத்தில் இருந்தார். அந்த நிறுவனத்தைக் கோடாக் வாங்கி, பிரைனெர்ட் இருந்த கிளையை மூடியபோது, அவர் உடனிருந்த பொறியாளர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு 1984-இல் சியாட்டில் நகரில் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஆல்டஸ். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனுட்டியஸின் பெயர் அது. சாய்வெழுத்தை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்ததும், பெரிய பெரிய ஏடுகளாக இருந்த நூல்களைக் கையடக்க அளவுக்குக் கொண்டுவந்து பரப்பியதும் அந்த அச்சகம்தான். இன்று நாம் அரைப்புள்ளி என்று சொல்லும் நிறுத்தக்குறி முதலில் அச்சானதும் 1496-இல் அங்கு வெளிவந்த நூலொன்றில்தான். அந்த அரைப்புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; அது மாயவரம் வரை வரப்போகிறது.

1985 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் என்ற அச்சுப்பொறியை அறிவித்தது. விலை 6,995 டாலர். அங்குலத்துக்கு 300 புள்ளிகள். அதன் உள்ளே இருந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் ஆக்கம். எழுத்தைப் புள்ளிகளின் கூட்டமாக வைக்காமல், கோடுகளும் வளைவுகளுமாக வைத்து, எந்த அளவுக்கு வேண்டுமோ அந்த அளவில் அச்சுப்பொறியே வரைந்துகொள்ளும் ஏற்பாடு அது. பொறி இருந்தது, மொழி இருந்தது. ஆனால் பக்கத்தை அமைப்பதற்கு மக்கின்டாஷ் கணினியில் தகுந்த மென்பொருள் இல்லை. அந்த இடத்தில்தான் 1985 ஜூலையில் 495 டாலர் விலையில் பேஜ்மேக்கர் வந்து அமர்ந்தது. இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்குப் பிரைனெர்ட் வைத்த 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற பெயரின் சுருக்கத்தைத்தான் டெல்டாவின் ஒவ்வொரு பேருந்து நிலையத்தின் எதிரிலும் 'ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன்' என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

பேஜ்மேக்கர் எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது எனக்கு எப்போதும் சுவையான செய்தி. செய்தித்தாள் அலுவலகங்களில் அச்சுக்கோத்த பத்திகளை நீளநீளத் துண்டுகளாக எடுத்து, பின்புறம் மெழுகு தடவி, கத்தியால் நறுக்கி, சாய்ந்த மேசையின் மேல் வைத்த அட்டையில் ஒட்டிப் பக்கம் தயாரிப்பார்கள். இடம் கிடைக்காத துண்டுகளை அட்டையின் ஓரத்தில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒட்டி வைப்பார்கள். பேஜ்மேக்கரின் திரை அந்த மேசையேதான். நடுவில் பக்கம்; சுற்றிலும் வெற்றுப் பலகை. ஒரு படத்தையோ பத்தியையோ பக்கத்துக்கு வெளியே இழுத்துப் போட்டால் அது அங்கேயே கிடக்கும். பக்கத்தைப் புரட்டினாலும் பலகை மாறாது என்பதால், எட்டாம் பக்கத்தில் வேலை செய்யும்போது வெளியே தள்ளிய துண்டு நாற்பதாம் பக்கத்திலும் அதே ஓரத்தில் கண்ணில் படும். பத்தியின் மேலும் கீழும் சன்னல் திரைச்சீலை போல இழுத்துவிடும் கைப்பிடிகள் இருந்தன. கீழ்க் கைப்பிடியில் சிவப்பாக ஒரு முக்கோணம் தெரிந்தால், உள்ளே இன்னும் வரிகள் இருக்கின்றன, இடம் போதவில்லை என்று பொருள். அந்தச் சிவப்பு முக்கோணத்தைத் தட்டி, சுட்டியின் முனையில் மீதி வரிகளை ஏந்திக்கொண்டு, அடுத்த பக்கத்தில் வழியவிட்ட அனுபவம் என் தலைமுறை டி.டி.பி.காரர்கள் அனைவருக்கும் விரலில் இருக்கும்.

என் பெரியப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை அறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடது கையில் பிடித்த ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி, வரி நிறைந்ததும் ஈயத் தகடு செருகி, அடுத்த வரிக்குப் போகும் வேலை. அவர் முதன்முறை என் திரையைப் பார்த்தபோது, தட்டச்சு செய்வதைக் கவனிக்கவே இல்லை. பலகையில் கிடந்த துண்டுகளைத்தான் பார்த்தார். "இது நம்ம கல்லுதாண்டா, பாரம் பூட்டுற கல்லு" என்றார். பக்கத்தை அடுக்கிச் சட்டத்தில் இறுக்கும் அந்த மேசைக்கு அச்சகத்தில் கல் என்றுதான் பெயர். சியாட்டில்காரர் மெழுகு மேசையை நினைத்துச் செய்ததைக் கும்பகோணத்துக்காரர் ஈயக் கல்லாகக் கண்டுகொண்டார். போட்டி மென்பொருளான குவார்க் எக்ஸ்பிரஸ் 1987-இல் வந்து, நுணுக்கத்தில் பேஜ்மேக்கரை முந்திப் பெரிய இதழ்களின் அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அதில் எழுத்து நுழைவதற்கு முன்பே அதற்கான பெட்டியை வரைந்தாக வேண்டும். அச்சகத்திலிருந்து வந்த கைகளுக்கு அது ஒத்துவரவில்லை என்பது என் கணிப்பு. எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் தேடுவதே எங்கள் பழக்கம்.

விண்டோஸில் பேஜ்மேக்கர் 1987-இன் தொடக்கத்தில் வந்தது. அப்போது விண்டோஸ் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர் என்பதால், இந்த ஒரு மென்பொருளை ஓட்டுவதற்கு மட்டும் போதுமான விண்டோஸையும் ஆல்டஸ் கூடவே வைத்துக் கொடுத்தது. பிறகு வந்த பதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1990-இல் வந்த நான்காம் பதிப்பில், பத்தியைத் தனிச் சாளரத்தில் எடுத்துத் திருத்தும் வசதி சேர்ந்தது, 1993-இல் ஐந்தாவது, 1994-இல் ஆல்டஸை அடோபி தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1995-இல் ஆறு, அதன்பின் 6.5. நான் 1997-இல் கும்பகோணத்தில் மூன்று மாதப் படிப்பாக பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் மூன்றையும் கற்றபோது பயிலகத்தில் இருந்தது ஐந்தாம் பதிப்பு. திறக்கும்போது தெரியும் ஆல்டஸ் மனுட்டியஸின் பக்கவாட்டு முகத்தை அந்த மென்பொருளை உருவாக்கியவரின் படம் என்றே நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம்.

இனி எழுத்துக்கு வருகிறேன்.

ஆல்டஸ் கொடுத்த பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. கடைசிப் பதிப்பு வரை தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். மொத்தம் 256 இடங்கள். அதில் ஆங்கிலம் அமர்ந்திருந்தது. எனவே தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பரவலாக இருந்த பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிக்க வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சாவிகளையும், இறுதியில் அரைப்புள்ளியையும் அழுத்த வேண்டும். ஜே என்பது த. கே என்பது ம. பி என்பது இகரக் கொக்கி. ஓ என்பது ழ. அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளி. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் உலகுக்குக் கொடுத்த அரைப்புள்ளியை, அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் மென்பொருளில் உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பல்லாயிரம் தடவை தமிழ்ப் புள்ளியாக நாங்கள் வைத்துக்கொண்டிருந்தோம். நான் இதை அறிந்தது மிகவும் பிந்தித்தான். அறிந்த அன்று கடையில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, ஆனால் இருந்தவர் ஆதார் நகல் எடுக்க வந்தவர்.

சாவிகளின் வரிசை பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒட்டியிருந்ததால், பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்த பெண்கள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில்தான் அடிக்க வேண்டும். 'கோயில்' என்பதற்கு முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். அதாவது பெரிய என், சிறிய எஃப், சிறிய எச். ஒற்றைக் கொம்புக்குச் சிறிய என். இரட்டைக் கொம்புக்குப் பெரிய என். வாடிக்கையாளர் யாராவது தாமே வேர்டில் அடித்துக்கொண்டு வந்தால் இதில்தான் மாட்டிக்கொள்வோம். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது வேர்டின் வழக்கம் என்பதால், வரியின் தொடக்கத்தில் நின்ற 'பெரியநாயகி' பேசாமல் 'பேரியநாயகி' ஆகிவிடுவாள். 'பெண்' எல்லாம் 'பேண்' ஆகித் திருமணப் பத்திரிகைக்கு வந்த புரூஃப்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேஜ்மேக்கரோ வேறு விதமாகப் படுத்தியது. அது தன் முன்னால் இருப்பது ஆங்கிலம் என்றே நம்பியதால், சொல்லைப் பிரித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வசதியைத் திறந்து வைத்தால், ஆங்கில அசைக் கணக்கில் எங்காவது வெட்டும். கொம்பு மேல்வரியின் முனையிலும் அதற்குரிய எழுத்து கீழ்வரியின் தொடக்கத்திலும் நிற்கும். எனவே முதல் வேலையாக அந்த வசதியை மூடிவிடுவோம். மூடினால், 'அஷ்டபந்தன மஹாகும்பாபிஷேகத்தை முன்னிட்டு' போன்ற நீண்ட சொற்கள் அப்படியே அடுத்த வரிக்குக் குதித்து, மேல்வரி பல் விழுந்த வாய்போல இடைவெளி காட்டும். அதை அடைக்க, வரி முடிகிற இடத்தில் நாங்களே கையால் ஓர் இணைப்புக் கோட்டையும் இடைவெளியையும் போட்டுப் பிரித்தோம். அந்தப் பக்கத்துக்கு அது சரியாக இருந்தது. பத்தியின் அகலம் ஒரு மில்லிமீட்டர் மாறினால், அதே கோடு வரியின் நடுவில் வந்து நிற்கும்.

எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த இடப் பங்கீடு மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் த இருந்த இடத்தில் இன்னொன்றில் லு இருக்கும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. சென்னையில் அறிவித்தது எங்கள் ஊர்க் கணினிகளுக்குள் இறங்கவில்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கோப்புகளை யார் மாற்றுவது? எங்களிடம் இருந்தது பாமினியும், விலை கொடுத்து வாங்கிய எழுத்துருத் தொகுப்பு ஒன்றும். கணினியின் பின்னால் சிறிய பூட்டுப் போன்ற ஒரு பொருளைச் செருகினால்தான் அந்தத் தொகுப்பு வேலை செய்யும்.

அந்தக் காலத்தில் ஒருமுறை, சுவரொட்டிக்கான கோப்பை நெகிழ்தட்டில் போட்டுத் தஞ்சாவூரில் அச்சுக்குப் பிளேட் எடுக்கும் இடத்துக்குப் பேருந்தில் கொடுத்தனுப்பினேன். எழுத்துருவைச் சேர்த்து அனுப்ப மறந்துவிட்டேன். அங்கிருந்தவர் பானோஸ் பெட்டியைப் பார்த்துச் சரி என்று அழுத்தியிருக்கிறார். வந்ததைப் பார்த்து, இது ஏதோ ஆங்கிலச் சுவரொட்டி என்று முடிவு செய்து பிளேட்டும் போட்டுவிட்டார். இரண்டு பிளேட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. தவறு பாதி என்னுடையது; மீதிப் பாதியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அதன்பிறகு எல்லோரும் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கினோம். விலைக்கு விற்ற எழுத்துருக்கள் ஊர் ஊராகப் பரவிய வழிகளுள் அதுவும் ஒன்று. பேஜ்மேக்கரைக்கூட எங்களில் பெரும்பாலோர் விலை கொடுத்து வாங்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

எழுத்து ஓரிடத்தில் உருவாகி, அதை இங்குள்ள தாளுக்குப் பொருத்தும் பாடு எங்களுடையதாவது இது முதல்முறை அன்று. மாயவரத்திலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தரங்கம்பாடியில், 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சகம் வைத்தபோது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் கப்பலில் வந்தன. வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே பக்கத்திலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715-இல் அச்சிட்டு முடித்தார்கள். தாள் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். பெரிய எழுத்தைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே தாங்களே வார்த்த அவர்களைப் பார்க்கும்போது, நாங்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி மாட்டி இருபது ஆண்டு ஓட்டியது கொஞ்சம் சோம்பல் போலத்தான் தெரிகிறது.

அடோபி 1999-இல் இன்டிசைன் மென்பொருளை வெளியிட்டபோதே பேஜ்மேக்கரின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன. புதியதன் விதை ஆல்டஸில் இருந்தபோதே தொடங்கிய பணிதான் என்றாலும், பழைய வீட்டைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டுவதே நல்லது என்று அடோபி முடிவு செய்திருந்தது. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7.0 கடைசிப் பதிப்பு. 2004-இல் மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். சியாட்டிலில் நின்றுபோனது மாயவரத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறியை (யூனிகோடை) 2010-இல் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்ட பின்பும், டெல்டாவின் பத்திரிகைகளும் பிட் நோட்டீஸ்களும் கோயில் மலர்களும் பேஜ்மேக்கரிலேயே நடந்தன. குறைந்த நினைவகம் கொண்ட பழைய கணினியிலும் அது ஓடியது. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என்று நடுவில் தைக்கும் சிறு நூல்களுக்குப் பக்கங்களைத் தானே மாற்றி அடுக்கிக் கொடுத்தது. ஆனால் உண்மையான காரணம், எங்கள் எழுத்து அதற்குள் கட்டுண்டிருந்ததுதான். இன்டிசைன் தமிழ் ஒருங்குறியை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியதே 2012-இல் வந்த சி.எஸ். 6 பதிப்பில். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும் அதே சி.எஸ். 6. ஒரு கதவு திறந்த கையோடு இன்னொரு கதவு சாத்தப்பட்டது. கல்யாணப் பத்திரிகைகளும் ஃபிளெக்ஸும் இதற்குள் கோரல் டிராவுக்குப் போய்விட்டிருந்தன. அதன் கதை வேறு, அதன் வண்ணக் கோலங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை.

தர்மகர்த்தாவின் மலருக்குத் திரும்புகிறேன். பாமினியை நிறுவியதும் உள்பத்திகள் தமிழாயின. தலைப்புகள் ஆகவில்லை, அந்தத் தொகுப்பின் பூட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. அவற்றைப் பழைய அச்சுப் பிரதியைப் பார்த்துப் புதிதாக அடித்தேன். பத்திகளை ஒவ்வொன்றாகத் தனிச் சாளரத்தில் எடுத்து, எழுத்துரு மாற்றியில் கொடுத்து ஒருங்குறியாக்கி, இன்டிசைனில் ஓடவிட்டேன். வரிகள் அழகாக விழுந்தன; வரிகளின் நடுவே, 2001-இல் நானே கையால் போட்ட இணைப்புக் கோடுகள் மண்ணுக்குள்ளிருந்து எலும்பு தெரிவதுபோல எழுந்து நின்றன. 'திருக்குட- முழுக்கு', 'அறங்கா- வலர்', 'காவிரி- யாற்றின்'. தேடி ஒரே அடியாக அழிக்க முடியாது. நாள், நேரம், தொகை எழுதிய இடங்களில் உண்மையான கோடுகளும் இருந்தன. 311 கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன்.

கடைசி நாள் இரவு, எதுவும் விடுபடவில்லை என்று உறுதிசெய்ய எக்ஸ்பி கணினியில் பழைய கோப்பை முதலிலிருந்து புரட்டினேன். பக்கத்துக்கு வெளியே, வலது ஓரத்தில், ஒரு சிறு துண்டு கிடந்தது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தேன். கூரியர் எழுத்தில் குப்பை போலத் தெரிந்ததால் பொருட்படுத்தவில்லை. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அது கூடவே வந்துகொண்டிருந்தது. இப்போது அது தமிழில் இருந்தது: 'மேலத்தெரு பூக்கட்டுபவர் குடும்பத்தார், ரூ.51'.

எனக்கு நினைவு வந்தது. நன்கொடைப் பட்டியல் 61-ஆம் பக்கத்தின் அடிவரை நிறைந்து, சிவப்பு முக்கோணம் தெரிந்தது. அச்சுக்குப் போகும் அவசரத்தில், அப்போதிருந்த தர்மகர்த்தா அந்த ஒரு வரியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். அடுத்த மலரில் போட்டுக்கொள்ளலாம் என்றார். 2013-இல் அந்தக் கோயில் மலர் போடவில்லை.

காலையில் தொலைபேசியில் கேட்டேன்.

"பூக்கட்டுறவங்களா?" என்று தர்மகர்த்தா சற்று யோசித்தார். "அந்தம்மா இருக்காங்க தம்பி, இப்பவும் வெள்ளிக்கிழமை மாலை அவங்க வீட்டுலேர்ந்துதான் வருது. போட்டுடுங்க."

பட்டியலின் வரி இடைவெளியை அரைப் புள்ளி குறைத்தேன். 61-ஆம் பக்கத்தின் அடியில் இடம் கிடைத்துவிட்டது.